என் கழுத்துக்குள் வந்த சாமி

திராட்சைத் தோட்டத்து வேலை முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. தலைக்கு மேலே பந்தல், பந்தலிலிருந்து தொங்கும் கொத்துகள். அவற்றில் சூம்பிப்போன பழத்தைக் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்தேன். கழுத்து வலிக்கும். பந்தலுக்குள் நிற்கிற யாருக்குத்தான் வலிக்கவில்லை? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போவோம்.

வலி குறைந்த பிறகுதான் விசித்திரம் ஆரம்பித்தது. ஜாக்கெட் கொக்கியை மாட்டப் போனால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் அது கையில் இல்லை என்றே தெரியும். சோற்றைப் பிசையும்போது வேறு யாரோ என் தட்டில் கை வைத்திருப்பதுபோல் இருக்கும். குனிந்து கோலம் போட்டால் முதுகுத்தண்டு வழியே கரண்ட் பாய்ந்து குதிகால்வரை இறங்கும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், வேலைக்கள்ளி என்று என் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அந்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். கௌமாரியம்மன் சன்னதி முன்னால் நெரிசலில் காலைச் சேர்த்து வைத்து, கைகூப்பிக் கண்ணை மூடினேன். தரை போய்விட்டது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, நிறுத்த முடியவில்லை. நான் கண்ணைத் திறப்பதற்குள் பின்னால் குலவைச் சத்தம் எழுந்துவிட்டது.

“ஆத்தா வந்துட்டா! எங்க வீடு தேடி வந்துட்டா!” என்று கத்தினார் மாமியார். பால்காரர் ஊற்றுகிற அளவைக்கூட நம்பாமல் தன் டம்ளரில் ஒருமுறை அளந்து பார்க்கிறவர் அவர். என் காலில் விழுந்தார்.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பூஜை அறையில் நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வார்கள். மூடினால் ஆடுவேன். நடிக்கவில்லை, சத்தியமாக அது தானாக ஆடியது. ஆட ஆட வாய் எதையாவது சொல்லும். வீட்டைவிட்டுப் போன மகளைப் பற்றி ஒருத்தி கேட்டாள். “வாசலுக்கு வந்துட்டா” என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பெண் வந்து நின்றதாக ஊரெல்லாம் பேச்சு. எனக்குப் பயமாக இருந்தது. பிடித்தும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை ‘ஏடி’ என்றே கூப்பிட்ட மாமியார் ‘ஆத்தா, சாப்பிடு’ என்று தட்டை நீட்டினால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் கால்களில் உணர்வு குறைந்துகொண்டே வந்தது. செருப்பு கழன்றது தெரியாமல் தெருக்கோடிவரை ஒற்றைச் செருப்போடு நடந்தேன். சுவரைப் பிடிக்காமல் கொல்லைப்புறம் போக முடியவில்லை. அதைப் பார்த்துப் பயந்துபோன என் வீட்டுக்காரர் தேனியில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். மாமியாரும் வந்தார்.

“காலைச் சேர்த்து வச்சு நில்லுங்க. இப்பக் கண்ணை மூடுங்க” என்றார் டாக்டர்.

மூடினேன். சாய்ந்தேன். டாக்டர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். கண்ணைத் திறந்தால், மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார். டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்து வந்ததும் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கழுத்தில் ஏழு எலும்பு. அவற்றின் நடுவே இருக்கிற குழாய் வழியாகத்தான் தண்டுவடம் இறங்குகிறது. எனக்குப் பிறவியிலேயே குழாய் குறுகல். எலும்பு விளிம்புகளில் வருஷக்கணக்காக முள் முள்ளாக வளர்ந்து தண்டுவடத்தை நெரிக்கிறது. அண்ணாந்து பார்க்கும்போது இன்னும் நெரிக்கும். “கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி போகல. கண்ணால பாத்துத்தான் நிக்கிறீங்க. அதான் மூடினா விழுறீங்க. ஆபரேஷன் பண்ணலேன்னா படுத்த படுக்கைதான்.”

சாம்பல் நிறப் படத்தில், நெரிபட்ட இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. இத்தனை நாள் எனக்குள்ளிருந்து பேசியது அதுதானா என்று உற்றுப் பார்த்தேன்.

வீடு வந்ததும் மாமியார் சொன்னார்: “டாக்டரம்மா படிச்சவுக, சொல்றாக. ஆனா ஆத்தா இருக்குற எடத்துல கத்தி வைக்கணும்னா அவகிட்ட உத்தரவு கேக்கணும்ல?”

என் வீட்டுக்காரர் காலண்டரில் வெள்ளிக்கிழமையைத் தேடினார். உத்தரவு கேட்பது யாரிடம்? என்னிடம்தான். என் கால் போகப் போகிறது, அதைக் காப்பாற்ற நானே எனக்கு உத்தரவு கொடுத்துக்கொள்ள வேண்டுமாம். கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சரி, ‘வைக்கட்டும், நான் காப்பாத்துறேன்’ என்று சொல்லித் தொலைப்போம் என்று முடிவுசெய்தேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சூடம் ஏற்றினார்கள். கண்ணை மூடினேன். உடம்பு ஆட ஆரம்பித்தது.

“ஆத்தா, எம் மருமக கழுத்துல கத்தி வைக்கலாமா? ஒரு வார்த்த சொல்லு தாயி.”

“வைக்கட்டும்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. “நான் போறேன். இவளப் பாத்துக்கங்க. இத்தன வருஷம் இவள இங்கன ஒருத்தரும் பாக்கல.”

குரல் கட்டையாக, என்னைவிட வயதான ஒருத்தியின் குரலாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்திருந்தார். மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அந்தச் சொற்களை நான் யோசித்து வைக்கவில்லை.

மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. விரல்கள் மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்டன. சில மாதம் கழித்துத் தேனி டாக்டர் மறுபடி நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். நின்றேன். கொஞ்சம்கூட ஆடவில்லை.

“நல்லாயிருச்சு” என்றார் டாக்டர்.

“போயிட்டா” என்றார் மாமியார், மெதுவாக.

வெளியே வரும்போது ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நானே எறங்கிருவேன் அத்தே.”

“பேசாம வாடி. படியப் பாத்து வையி.”

இன்றைக்கும் படி என்று ஒன்று வந்தால் அந்தக் கை வந்துவிடுகிறது. அது எனக்காகவா, போனவள் சொல்லிவிட்டுப் போனதற்காகவா என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.