பதினொரு நாள் என்று சொன்னேன்

2012ஆம் ஆண்டு சிட்னியில், ஆசிய நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்த எழுத்தாளர்களுக்கென்று ஒரு விழா நடந்தது. ஆங்கிலத்தில் வெளியான என் சிறுகதை ஒன்றைப் படித்துவிட்டு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். லீவு கேட்டபோது எதற்கென்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்த ஒரு பெண் தானே சொல்வதுபோல அந்தக் கதையை எழுதியிருந்தேன். நான் படகில் வந்தவள் இல்லை. கணவர் ஸ்பொன்சர் செய்து விமானத்தில் வந்து இறங்கியவள்.

மேடையில் நான்கு கதிரைகள். நான் இரண்டு பக்கம் வாசித்து முடித்ததும் நிகழ்ச்சியை நடத்திய பெண் என் தோளைத் தொட்டு, "இவர் கடலைத் தாண்டி வந்தவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். திருத்த வாயெடுப்பதற்குள் கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, எத்தனை நாள் கடலில் இருந்தீர்கள் என்று கேட்டார்.

"பதினொரு நாள்" என்றேன்.

கதையில் இருந்த கணக்கு அது. எப்படி வாயில் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. கைக்குள் இருந்த தாளைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் முப்பது வயதிருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். லிட்கமிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார்.

"அக்கா, நாங்கள் பத்தொன்பது நாள். நீங்கள் எந்தப் படகு?"

அவருடைய முகத்தைப் பார்த்து இரண்டாவது பொய் சொல்ல முடியவில்லை.

"தம்பி, நான் பிளேனில வந்தனான். அங்க மேடையில சொன்னது பொய்."

அவர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். பிறகு, "உங்கட கதையில, தண்ணி முடிஞ்ச பிறகு அந்தப் பொம்பிளை அவ்வளவு கதைக்கிறா. அப்ப ஒருத்தரும் கதைக்க மாட்டினம், அக்கா" என்றார். கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"நீங்கள் சொன்னா நான் சரியா எழுதலாம்" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"வேண்டாம். என்ர விசா இன்னும் முடிவாகேல்லை, எழுத்தில வந்தா பிரச்சினை. வேலைக்கு நேரமாச்சு, போட்டு வாறன்."

நிகழ்ச்சியை நடத்திய பெண்ணிடம் ஓடினேன். "அது புனைவுதானே, எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள், விடுங்கள்" என்று சிரித்தார். என்னால் விட முடியவில்லை. அடுத்த அமர்வில் உட்கார்வதும் வெளியே போவதுமாக இருந்தேன். கடைசியில் கேள்வி நேரத்தில் கையை உயர்த்தி, காலையில் சொன்னது பொய், நான் படகில் வரவில்லை என்றேன். யாரோ இருமினார்கள். "உங்கள் நேர்மைக்கு நன்றி" என்றார்கள் மேடையிலிருந்து. அடுத்த கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியது.

நான் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டிய அந்தத் தம்பி அதற்குள் போய்விட்டார். அவரிடமாவது நேரில் சொன்னேனே என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன், தேறவில்லை.

மறுவருடம் என் தொகுப்பு வந்தது. அந்தக் கதையை அதில் சேர்க்கவில்லை. ஏன் என்று பதிப்பாளர் கேட்டார். அது இன்னும் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.