கோபம் போய்விட்டது என்று சாட்சி சொன்ன பிறகு

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டுகள் முடிந்ததும் சாட்சி நேரம். வேலை கிடைத்தவர்கள், நோய் தீர்ந்தவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். போன வருஷம் ஒருநாள் நானும் எழுந்தேன். "என் கோபத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார்" என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. எட்டு மாதமாக ஒரே வேலையில் இருந்தேன். அதுதான் என் ஆதாரம்.

அதற்கு முன் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியாரோடு வாய்ச்சண்டை போட்டு வெளியே வந்தவன், பிறகும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் வெளியே வந்துகொண்டே இருந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் போல்ட்டு கம்பெனி, அத்திபெலேயில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஹோட்டல். பட்டினி பெரிய விஷயமில்லை, இரண்டாம் நாள் பழகிவிடும். யாராவது ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால்தான் தாங்காது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மனைவியும் மகளும் பின்னால் வருவார்கள். மகள் ஐந்தாவது வருவதற்குள் நாலு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஹெப்பகோடியில் சாமான் இறக்கிய அன்று மனைவி சொன்னாள்: "இதுதான் கடைசி வீடு. இந்த வேலையையும் விட்டா நீங்க மட்டும் போங்க. நாங்க வரமாட்டோம்."

வேலை, ஒரு அபார்ட்மெண்டில் கேட் காவல். சாட்சி சொன்ன அதே வாரம், வியாழக்கிழமை காலை தண்ணீர் லாரி வந்தது. தன்னைக் கேட்காமல் எந்த லாரியையும் உள்ளே விடக்கூடாது என்று சூப்பர்வைசர் முன்தினம்தான் சொல்லியிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. லாரியை நிறுத்திவைத்தேன். அரைமணி கழித்து வந்தவர், ஸ்கூல் வேனுக்குக் காத்திருந்த பெண்கள் முன்னால் கத்தினார். கோலார்ப் பக்கத்துக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"ஏன்ப்பா, தலை இருக்கா உனக்கு? மேல ஒரு வீட்லயும் தண்ணி இல்ல!"

"நீங்கதானே சார் விடாதேன்னு சொன்னீங்க?"

"எதிர்த்துப் பேசாதே. எட்டாங்கிளாஸ் படிச்சவனை கேட்ல வெச்சா இப்படித்தான்."

தொப்பியைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தேன். விசிலையும் எறிந்தேன். அவர் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். வீட்டுக்கு நடக்கும்போது அவர் மேல் இருந்ததைவிடக் கர்த்தர் மேல்தான் ஆத்திரம் அதிகமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் எழுந்தபோதே உட்காரடா என்று சொல்லியிருக்கலாம்.

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"போய் மன்னிப்புக் கேளுங்க."

"தப்பு அவன் மேல."

"தெரியுது. அவங்க அம்மாவ இழுத்தது யாரு?"

"கேக்கலேன்னா?"

"பையை நானே எடுத்துத் தரேன். ஒரு பை."

மறுநாள் போனேன். சூப்பர்வைசர் அவர் அறையில் எலக்ட்ரீஷியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

"என்னப்பா, லீவு வேணுமா?"

"இல்ல சார்."

"அப்ப அட்வான்ஸா?"

"இல்ல சார். நான் சர்ச்சுக்குப் போறவன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ஓ, எங்கம்மாவத் திட்டறதை அங்கதான் சொல்லிக்குடுத்தாங்களா?"

எலக்ட்ரீஷியன் டீ சிந்தும்படி சிரித்தார். என் கை தானாக மூடிக்கொண்டது. அதைப் பேண்ட் பைக்குள் விட்டேன். இனிமேல் பின்கேட்டில் நில் என்றார் சூப்பர்வைசர். குப்பை வண்டி வரும் கேட் அது. தான் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதே அதை எதிர்பார்த்துத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தேன். "போன வாரம் நான் சொன்னது சரியில்ல. என் கோபம் போகல" என்றேன்.

பாஸ்டர் மைக்கைத் தட்டிச் சரிசெய்தார். "பிரதர், அது ஜெபக்குறிப்பு, உங்களுக்காக நாங்க ஜெபிக்க வேண்டியது. இது சாட்சி நேரம். ஆராதனை முடிஞ்சு தனியா பேசுவோம்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். கர்த்தர் செய்ததை எழுந்து நின்று சொல்ல எங்கள் சபையில் நேரம் உண்டு. செய்யாததைச் சொல்ல நேரம் கிடையாது. காது சூடேறியது. இப்படி இரண்டு சபைகளை நான் ஏற்கனவே விட்டு வந்திருக்கிறேன். வாசலில் கிடந்த செருப்புகளில் என்னுடையது எது என்று கண் தேடிவிட்டது. பெண்கள் பக்கம் பார்த்தேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஜெபக்குறிப்பாவே எழுதிக்குங்க ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அடுத்த பாட்டுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஆனால் கடைசி ஆமென் வரை எழுந்து வெளியே போகவில்லை.

பாஸ்டர் மேல் இருந்த கோபம் அடங்கப் புதன்கிழமை ஆயிற்று. சூப்பர்வைசர் மேல் இன்னும் அடங்கவில்லை. பின்கேட்டில்தான் நிற்கிறேன்.