மரியாதை கூடிப்போன மச்சான்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. எனக்குப் போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் விவசாயம். மனைவியின் அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். காய் எடுக்கிற நாட்களில் நானும் அவரோடு ஜீப்பில் மலையேறுவேன்.

மச்சான் வாயைத் திறந்தாலே கேலிதான். முறைக்காரர் என்பதால் யாரும் தப்பாக எடுப்பதில்லை. நானும் திருப்பிக் கொடுப்பேன். குழந்தைப் பேச்சு வந்தால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவேன். குறை என் மனைவிக்குத்தான் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பழி என்மேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் நானும் மச்சானும் பக்கத்துப் பக்கத்து இலை. கறிவாளியோடு வந்தாள் என் மனைவி.

"தாயி, மாப்ளைக்கு நல்லா அள்ளி வையி. அந்தத் தெம்புலயாச்சும் எனக்கு ஒரு மருமகன் பொறக்கட்டும்" என்றார் மச்சான். பந்தியே சிரித்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அவுகளுக்கு ஒரு கொறையும் இல்லண்ணே. கொறை எனக்குத்தான். டாக்டரு சொல்லி வருசக்கணக்காச்சு. ஒன் தங்கச்சிய யாரும் ஒண்ணு சொல்லிறக் கூடாதுன்னு அவுக பேச்சுக் கேட்டுக்கிட்டிருக்காக."

குரல் உயரவே இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

அதோடு கேலி நின்றது. நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் 'வாய்யா மாப்ளே' என்கிறவர் 'வாங்க மாப்ளே' என்றார். ஜீப்பில் முன்சீட்டை எனக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். மழை, ஏலக்காய் விலை, அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை.

"நெசத்தச் சொல்லி அண்ணன எழந்துட்டேனா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு சேற்றில் மாட்டியது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மச்சான் கால் வழுக்கிக் குப்புற விழுந்தார். கூட வந்த வேலையாட்களுக்குச் சிரிக்கப் பயம்.

"என்ன மச்சான், மலைய அளந்து பாக்குறீகளா?" என்றேன்.

சேறு அப்பிய முகத்தோடு என்னையே பார்த்தார். "கையக் குடுய்யா மொதல்ல" என்றார். கொடுத்தேன். ஒரே இழுப்பு, நானும் சேற்றில்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். "கொழம்புல உப்பே இல்ல தாயி" என்றார். அவள் உப்பெடுக்க உள்ளே போனவள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

குழந்தை எங்களுக்குக் கடைசிவரை இல்லை. அந்தப் பேச்சை மச்சானும் அப்புறம் எடுத்ததில்லை. அன்று பந்தியில் அவள் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சரியான பேச்சால் பட்ட காயம் ஆறவும் நாள் பிடிக்கும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.