ஆளுக்கொரு அளவு ஊசி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மருந்து இருந்ததாம். அதை ஆளுக்கொரு அளவில் குத்திக்கொள்ளச் சொல்லித் தருவது என் வேலையாம். ஊர் மந்தைவெளி. இடம் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனை. சினைப்பையில் முட்டைகளை வளர்க்கும் ஹார்மோன் மருந்து, பேனா மாதிரி ஓர் ஊசியில் வரும். திருகைத் திருப்பி அளவு வைத்து, வயிற்றில் அவரவரே குத்திக்கொள்ள வேண்டும். மருந்துக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நண்பர்களே, என் குழப்பம் உங்களுக்காவது புரியும்.

முந்நூறும் நூற்றைம்பதும்

ராயப்பேட்டை சுபைதா அக்காவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ரேவதிக்கு முப்பதுகூட ஆகவில்லை, ஐ.டி. வேலை, மாமியாரோடு வருவார். இருவரும் ஒரே நாளில் ஊசியைத் தொடங்கி, ஸ்கேன் வாசல் பெஞ்சில் சிநேகிதமானார்கள். பேச்சுவாக்கில் அளவும் வெளியே வந்துவிட்டது: அக்காவுக்கு முந்நூறு யூனிட், ரேவதிக்கு நூற்றைம்பது.

ரேவதி நேராக என்னிடம் வந்தார். "உங்களுக்கு முட்டைப் பைகள் நிறைய இருக்கு மேடம், கொஞ்ச மருந்தே போதும். அதிகமானா சினைப்பை வீங்கிடும். அக்காவுக்குக் குறைச்சல், அதனால கூட வேணும்" என்றேன், என் வழக்கமான மெல்லிய குரலில். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் புரியுது. ஆனா எனக்கு ஏன் பாதி?"

ஏற்றமும் இறக்கமும்

ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். நான் போனில் சொல்வேன். ரேவதிக்கு இறக்கச் சொன்னார். "ம்" என்று மட்டும் பதில் வந்தது.

அக்காவுக்கு ஏற்றச் சொன்னார். டெய்லர் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் போனை வாங்கி, "ஏத்துனா நல்லதா?" என்றார். முட்டைகள் மெதுவாக வளர்வதால்தான் ஏற்றுகிறோம். நல்லது என்றாலும் பொய், கெட்டது என்றாலும் பொய். காரணத்தை மட்டும் சொன்னேன். அவர் சொன்னார்: "ஆளுக்கு ஒரு அளவுன்னா சரி நைனா, டெய்லர் நானு. ஒரே ஆளுக்கு நாளுக்கு ஒரு அளவுன்னா இன்னா பண்றது?"

காலியான பேனா

ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரேவதி புதுப் பேனா கேட்டு வந்தார். பழையதில் மருந்து மிச்சமிருக்க வேண்டுமே! விசாரித்தால், அக்காவின் அளவையே இவரும் வைத்திருக்கிறார், யோசனை மாமியாருடையது.

டாக்டர் உடனே ஊசியை நிறுத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹார்மோன் எல்லை மீறி ஏறியிருந்தால் இந்த முயற்சியே போய்விடும். ரேவதி வெளிறிப்போய் நின்றார். மயிலாப்பூர் மாமியார் என்னிடம் கேட்டார்: "பந்தியில பக்கத்து எலைக்கு ரெண்டு வடையப் போட்டுட்டு நம்ம எலைக்கு ஒண்ணு போட்டா, கேக்கப்படாதாப்பா?"

பெஞ்சில்

நல்லவேளை, முயற்சி போகவில்லை. ஆனால் ரேவதியின் முட்டைகளை வெளியே எடுத்துக் கருவாக்கி உறைய வைத்துவிடுவார்கள். சினைப்பை வீக்கம் அடங்கிய பிறகுதான் கருப்பையில் வைக்க முடியும். அக்காவுக்கு வளர்ந்தது நாலே முட்டை, ஆனால் இந்த மாதமே கருவை வைத்துவிடலாம்.

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் மருமகளின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அக்காதான் பேசினார்: "உனுக்கு நெறய கீது, வெயிட் பண்ணணும். எனுக்கு நாலுதான், உடனே வைக்கறாங்க. இதுல யாருக்கு நல்லதுன்னு இந்தத் தம்பிக்கே தெர்ல, மூஞ்சப் பாரு!"

ரேவதி சிரித்துவிட்டார். மூவரும் படியிறங்கிப் போனார்கள். ஊசி குத்தச் சொல்லித் தருவதற்கு எங்கள் காலேஜில் பாடம் இருந்தது, பக்கத்து இலையை எட்டிப் பார்க்காமலிருக்கச் சொல்லித் தருவதற்குத்தான் எங்கேயும் இல்லை.