மேடு ஏறாத வண்டி

அந்தப் பக்கத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. பிரேக்கம்மா என்றால்தான் தெரியும். ஓட்டுநர் பள்ளி என்று வாசலில் பலகை இருந்தாலும் உள்ளே போனால் ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், அவ்வளவுதான். ஆசிரியை, கணக்குப்பிள்ளை, வண்டி கழுவுகிறவள் எல்லாம் அவளே.

அவளை ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார வைப்பது பெரும்பாடு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவன் சிவப்பு விளக்கில் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டான். முன்னால் நின்ற சைக்கிள்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவரின் பெடலோடு அவற்றைக் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். அன்று அவள் கால் அந்தப் பிரேக்குக்குப் போய்ச் சேர அரை வினாடி தாமதமாகிவிட்டது. அந்த மனிதர் குணமாகி மறுபடி சைக்கிள் ஓட்டுகிறார், வழியில் பார்த்தால் கையும் காட்டுகிறார். இவளுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

"ஏம்மா, வீட்டுக்கு எதுக்கு பிரேக்? அது நின்னுக்கிட்டுதானே இருக்கு?" என்பான் கணவன். அவள் முறைப்பாள். கால் மட்டும் அடங்காது.

பழைய பெட்ரோல் கார் ஓய்ந்துபோய், இழுத்து மூடப்பட்ட வேறொரு ஓட்டுநர் பள்ளியின் டீசல் காரை அவள் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாங்கிய புதிதில் அவளே ஓட்டிப் பார்த்தபோது எருமை மாதிரி இழுத்தது. மாணவர்கள் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அதற்கு இந்த நோய் வந்தது. சமதளத்தில் சொன்னபடி ஓடும். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் திடீரென்று உயிர் போனது போல் தொய்ந்துவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் பலனில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள்.

எல்லா மாணவர்களுக்கும் எப்போதாவது இப்படி ஆனது. அண்ணிக்கு மட்டும் தவறாமல் ஆனது.

அண்ணி என்றால் அவளுடைய சொந்த அண்ணன் மனைவி. வயது ஐம்பத்திரண்டு. அண்ணன் விடியற்காலையில் வேனில் கடை கடையாக ரொட்டி போடுகிறவர். கண்ணில் ஏதோ நரம்பு கெட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வீட்டில் யாராவது உரிமம் வாங்கவில்லையென்றால் ரொட்டி போடும் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பேக்கரிக்காரர் நல்லவர்தான், ஆனால் ரொட்டி காத்திருக்காது. அதனால் அண்ணி கற்றுக்கொள்ள வந்தாள். நன்றாகவே ஓட்டினாள். ஆனால் இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும், ஆசிரியை என்று இவள் பக்கத்து சீட்டில் இருக்கும்போதே, மேம்பாலத்தில் வண்டி தொய்ந்து, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டார். மூன்றாவது முறையும் தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும். அந்த மூன்றாவது தேர்வு வியாழக்கிழமை.

மெக்கானிக் இரண்டு வாரமாக அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தினான். டீசல் ஃபில்டரை மாற்றினான். டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று சோப்பு நீர் ஊற்றிப் பார்த்தான். கணினியைச் செருகியபோது அது பெடலில் கோளாறு என்று மொட்டையாகச் சொன்னது. ஆக்ஸிலரேட்டர் பெடலையே கழற்றி வேறு மாட்டினான். ஒவ்வொரு முறையும் தானே மேம்பாலத்துக்கு ஓட்டிப் போனான். அவள் பக்கத்து சீட்டில் ஹாயாக உட்கார்ந்து வருவாள். வண்டி பறந்தது. மறுநாள் அண்ணி உட்கார்ந்தால் பழைய குருடி கதைதான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க," என்றான் ஒருநாள், கையைத் துணியில் துடைத்தபடி. "வண்டில ஒண்ணும் இல்ல. ஓட்டுறவங்க கால்லதான் ஏதோ."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதோடு விட்டிருக்கலாம். போய் அண்ணியிடமும் சொன்னாள்.

"அண்ணி, நீங்க மேட்டப் பாத்ததும் பயந்து பெடல விட்டுடறீங்க போல. கால் கொஞ்சம் பழகணும்."

இரண்டு நாள் கழித்து இவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, சமையலறையில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது காலுக்குக் கீழே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். அதை மெல்ல அழுத்தி, ஒன்று இரண்டு மூன்று என்று இருபதுவரை எண்ணி, மெல்ல விடுகிறாள்.

"தினம் நூறு தடவை," என்றாள் அண்ணி. "இப்ப நடுங்கல பாரு."

புதன்கிழமை மதியம் கடைசிப் பயிற்சி. மெக்கானிக் இந்த முறை காரில் ஏறவில்லை. ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறேன், புகை எப்படி வருகிறது பார்க்கணும் என்றான். பாலத்தில் பாதி ஏறினார்கள். "மிதிங்க அண்ணி, மிதிங்க," என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி தொய்ந்தது. தத்தித் தத்தி உச்சியைத் தாண்டி, இறங்கி, ஓரமாக நிறுத்தினார்கள். அண்ணி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, நீங்க மட்டும் கொஞ்சம் வாங்க," என்று அவளை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"மேடு ஏறும்போது எவனாவது பிரேக் போடுவானா?"

"யாரு போட்டா?"

"பின்னாடி சிவப்பு லைட் எரியுது. லேசா, விட்டு விட்டு. அண்ணி ரெண்டு காலால மிதிக்கிற ஆள் இல்ல. அப்ப யாரு கால்?"

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். "நான் மிதிக்கவே இல்லப்பா. சத்தியமா."

"மிதிக்க வேணாம்க்கா. மேல வச்சாலே போதும். பிரேக்கு பிடிக்காது, ஆனா உள்ள இருக்கற சுவிட்ச் விழுந்துடும். இந்த வண்டியில பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து வந்தா, கம்ப்யூட்டர் பிரேக்கத்தான் நம்பும். டீசல நிறுத்திடும். உங்க பழைய வண்டிக்கு இந்த அறிவெல்லாம் கிடையாது. அதான் இவ்வளவு நாளா தெரியல."

அவன் ஓட்டும்போது அவளுக்குப் பயமில்லை, கால் சும்மா இருந்தது. அண்ணி ஓட்டும்போது சொந்தக்காரி, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கால் தானாகப் போய்ப் பிரேக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. அண்ணியை இரண்டு முறையும் தோற்கடித்தது தானேதான் என்று அவளுக்கு அந்தச் சாலையோரத்தில் விளங்கியது. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"நீங்களே சொல்றீங்களா? இல்ல, வயர் லூஸா இருந்துச்சுன்னு நான் சொல்லிடவா?" என்று கேட்டான் மெக்கானிக்.

அவள் பின்சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "வயர்னே சொல்லிடு."

அவன் சொன்னான். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என் கால் இல்லையா தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்று அவன் தலையாட்டியதும், அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

அன்று மாலை முழுக்க பிரேக்கம்மா வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பூட்டிய கதவை மறுபடி பூட்டினாள். "உனக்கா நாளைக்குப் பரீட்சை?" என்று கணவன் கேட்டதற்கு வள்ளென்று விழுந்தாள். பொய் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும், நாளைக்கு அந்தக் காலை எங்கே கொண்டுபோய் வைப்பது? தனக்குத் தெரியாமல் போகிற காலைத் தான் எப்படிப் பிடிப்பது? விஷயம் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும்.

காலையில் தேர்வு மைதானத்தில் அவர்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள் நின்றன. வரிசை நகர நகர அவள் சீட் பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். மூன்றாவது வண்டி போனதும் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, வயர் இல்ல. என் கால்தான். ரெண்டு தடவையும் என் கால்தான். நேத்தே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

அண்ணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே, "அந்த ஸ்பாஞ்ச்," என்றாள். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று பிரேக்கம்மாவுக்கு இருந்தது.

"செருப்பக் கழட்டு," என்றாள் அண்ணி.

"என்ன அண்ணி?"

"கழட்டி மடியில வச்சுக்கோ. வெறுங்கால்ல இரும்பு பட்டா சில்லுனு தெரியும்ல? தெரிஞ்சதும் எடுத்துடு. எடுக்கலன்னா இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

தேர்வு அதிகாரி பின்சீட்டில் ஏறியபோது, ஆசிரியை மடியில் செருப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

மேம்பாலம் வந்தது. பாதியில் அதிகாரி நிறுத்தச் சொன்னார். மறுபடி கிளம்ப வேண்டும். அண்ணி கைப்பிரேக்கை விடுவித்தபோது வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. பின்னால் ஒரு லாரி நின்றது. பிரேக்கம்மாவின் கால் தானாகப் போயிற்று. பெருவிரலில் இரும்பு சில்லென்று பட்டது. வெடுக்கென்று எடுத்தாள். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே தூக்கிப் பிடித்திருந்தாள். செருப்பை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அந்த அரை வினாடி மூன்று வருடமாக அவளைத் துரத்திய அதே அரை வினாடி. இந்த முறை அவள் எதுவுமே செய்யக்கூடாது. அதைவிடக் கஷ்டமான வேலை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை.

அண்ணி பெடலை மெல்ல அழுத்தினாள், ஸ்பாஞ்சை அழுத்துவது போலவே. வண்டி ஒருமுறை உறுமிவிட்டு ஏறியது. உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்கியது.

தேர்ச்சி என்று எழுதித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அதிகாரி போனார். பிரேக்கம்மா இறங்கி நின்று அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். அண்ணி தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். சிரிக்கவில்லை.

"நானே வீடுவரைக்கும் ஓட்டறேன்," என்றாள்.

"சரி அண்ணி," என்று இவள் முன்கதவைத் திறந்தாள்.

"அங்க இல்ல. நீ பின்னாடி உக்காரு."

அவள் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீடுவரை, ஒவ்வொரு திருப்பத்திலும், அவள் கால் கீழே இருந்த தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே வந்தது. வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.