மேற்படி இருவரும் ஒருவரே

தாலுகா ஆபீஸ் படியில் மூன்றாவது முறையாக உட்கார்ந்திருந்தபோது நான் இரண்டு பேராக இருந்தேன். ஆதார் அட்டையில் இருப்பவனுக்கு 'எம்' என்று இனிஷியல். அவன் என் அப்பாவின் பிள்ளை. பள்ளிச் சான்றிதழ்களில் இருப்பவனுக்கு 'கே'. அவன் என் தாய்மாமனின் பிள்ளை. பெயர், பிறந்த தேதி, வலது முழங்கைக்குக் கீழே உள்ள மச்சம் எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான்.

நான்கு வருடம் படித்து எழுதிய அரசுத் தேர்வில் தேறி, இளநிலை உதவியாளர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போன இடத்தில் இருவரும் ஒரே மேசைக்கு வந்துவிட்டார்கள். அங்கே இருந்தவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இதுல நீ யாருப்பா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. "ரெண்டும் ஒரே ஆளுதான்னு தாசில்தார்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துரு. பத்து நாள் டைம் இருக்குது. இல்லாட்டி லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்புட்ருவாங்க."

பத்தில் ஏழு நாள் போய்விட்டது.

தவறு நடந்த கதையை எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள். தங்கை பிறந்தபோது அம்மா ஏரியூர்ப் பக்கம் தன் தம்பி வீட்டில் இருந்தார். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில். பள்ளி திறந்ததும் மாமாதான் என்னை அந்த ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். வாத்தியார் அப்பா பெயரைக் கேட்டிருக்கிறார். தன் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து மாமா தன் பெயரைச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் நாங்கள் இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பினோம். மாற்றுச் சான்றிதழில் அந்த 'கே'யும் கூடவே வந்தது.

எழுதியதைப் படித்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாரும் இல்லை. முதலில் படித்தவன் நான். நானும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருடைய பெயருக்கு முன்னாலும் எழுத்து போட்டுக் கூப்பிட அவசியம் வந்ததில்லை. எங்கள் ஊர்ப் பெயர் 'கே'யில் தொடங்குவதால், அது ஊருக்கான எழுத்து என்றே எட்டாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு 'எஸ்' என்றால் அவன் முன்னோர் வேறு ஊரிலிருந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். உண்மை தெரிந்தபோது, "அப்பறம் மாத்திக்கலாம் போ" என்றார் ஓர் ஆசிரியர். நானும் போய்விட்டேன்.

கல்லூரியில் இயற்பியல் எடுத்தவர் ஒருநாள், பாடத்துக்கு வெளியே, இணை உலகங்களைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு திருப்பத்திலும் உலகம் கிளை பிரிகிறது, இங்கே நடக்காதது இன்னொன்றில் நடந்துகொண்டிருக்கிறது என்று சிலர் நம்புகிறார்கள் என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது புதிதாகவே படவில்லை. என் மதிப்பெண் பட்டியலில் அப்படி ஒருவன் ஏற்கெனவே இருந்தான்.

அதன் பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் மற்ற உலகங்களில் இருக்கும் என்னை நினைப்பது பழக்கமாகிவிட்டது. 'கே' இனிஷியல்காரன் மாமாவின் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்து அடிக்கிறான். இன்னொருவன் பள்ளிக்கே போகவில்லை. அப்பாவோடு திங்கட்கிழமை காலை பெங்களூர் பஸ் ஏறி, ஜன்னலில் தலை சாய்த்து ஓசூர் வரை தூங்குகிறான். பெரிய ஆளாகிவிட்ட ஒருவனை நான் கற்பனை செய்ததே இல்லை. எனக்குப் பொறாமை அந்தத் தூங்குகிறவன் மேல்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கேஸ் புத்தகம் மாற்ற, பக்கத்து வீட்டுக்காரரின் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத யாரும் அவனைத் தேடி வருவதில்லை. எங்கள் தெருவில் எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வருகிறது. ஊர்த் தாளையெல்லாம் சரி செய்தவன் என் தாளைச் சரி செய்யவில்லை.

இதைத் தங்கையிடம் ஒருமுறை சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த ஒலகத்துல அம்மா உனக்கு அத்தையா? நான் மொறப்பொண்ணா?" என்றாள்.

"ஆமா."

"ண்ணா, எத்தன ஒலகம் இருந்தாலும் உன்னக் கட்டிக்க மாட்டேன். எழுதி வச்சுக்கோ."

இந்த மூன்றாவது முறைக்கு மாமாவின் வாக்குமூலமும் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு காலை பஸ்ஸுக்கே வந்திருந்தார். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. எங்கள் ஊர் வி.ஏ.ஓ. உள்ளே ஏதோ கூட்டத்தில் இருந்தார். முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். காத்திருந்த நேரத்தில், வேறு பேச்சு இல்லாமல், மாமாவிடமும் அந்த இணை உலகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அங்க எனக்கு சுகர் இருக்குமா மாப்ள?" என்றார்.

"தெரியல மாமா."

"அந்தப் பையன் என்ன பண்றான்?"

"தக்காளிக்கு மருந்தடிக்கறான்."

மாமாவின் முகம் மாறியது. "எதுக்கு மருந்தடிக்கறான்? நான் அவன டாக்டருக்குப் படிக்க வெச்சிருப்பனே" என்றார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டு, "சும்மா சொன்னேன்" என்றார்.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வி.ஏ.ஓ. அழைத்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "ஏங்க, வாத்தியார் அப்பா பேரக் கேட்டா உங்க பேர ஏங்க சொன்னீங்க? தெரியாம சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"தெரிஞ்சுதாங்க சொன்னேன்" என்றார் மாமா.

வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தே பேசினார்.

"அப்ப இவன் எங்கூட்ல இருந்தாங்க. எங்கக்கா கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு முன்னாடியே ஊருக்குப் போயிருச்சு. இவன நாங்களே வெச்சுக்கறதாப் பேச்சு. இவங்கப்பாவும் சரின்னுட்டாரு. அதனாலதாங்க எம் பேரக் குடுத்தேன். இருவது நாளு எங்கூட்லருந்துதான் பள்ளிக்கூடம் போனான். அப்பறம் அக்கா வந்து, இவன் இல்லாம சோறு எறங்கலைன்னு அழுவுது. கூட்டிட்டுப் போன்னு சொல்லிட்டோம்."

இந்த இருபது நாளைப் பற்றி அம்மாவோ அப்பாவோ என்னிடம் சொன்னதில்லை. நினைவில் தேடிப் பார்த்தேன். ஒரு புதுப் பை, ஒரு நாய், அவ்வளவுதான். அந்த நாயும் மாமா வீட்டு நாய்தானா என்று தெரியவில்லை. பஸ்ஸில் பொழுது போக்க நானே உண்டாக்கியவன் என்று நினைத்திருந்தவன் இருபது நாள் நிஜமாகவே இருந்திருக்கிறான். சாப்பிட்டிருக்கிறான். மாமாவை என்னவென்று கூப்பிட்டானோ.

வி.ஏ.ஓ. பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "தெரிஞ்சே குடுத்தீங்கன்னு நான் எழுதினா இந்த ஃபைல் வேற எங்கெங்கியோ போவும்ங்க" என்றார் மெதுவாக. "பையனுக்கு இருக்கறது மூணு நாளு. என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

சொல்லிக்கொடுத்ததையே சொல்லுங்கள் என்று மாமாவிடம் மறுபடியும் கேட்க வாய் வரவில்லை. அந்த வேலை வேண்டும் என்ற ஆசையும் அப்போது குறைந்துவிடவில்லை.

"தெரியாம சொன்னதாவே எழுதிக்குங்க" என்றார் மாமா.

வி.ஏ.ஓ. எழுதி முடித்து ஒருமுறை வாசித்துக் காட்டினார். படிப்பறிவு இல்லாத காரணத்தால் தவறுதலாகத் தன் பெயரைச் சொல்லிவிட்டார் என்றும், மேற்படி நபருக்கும் தனக்கும் தகப்பன் மகன் உறவு இல்லை என்றும், பள்ளிச் சான்றிதழில் உள்ளவரும் ஆதாரில் உள்ளவரும் ஆகிய மேற்படி இருவரும் ஒருவரே என்றும் இருந்தது.

"கையெழுத்தா, கைநாட்டா?"

"கையெழுத்துங்க." மாமா பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் போடவில்லை. "அந்த எடத்த இன்னொருக்கா படிங்க."

"எந்த எடம்?"

"ஒறவு இல்லங்கற எடம்."

அவர் வாசித்தார். மாமா தலையை ஆட்டினார்.

"இல்லைன்னு அப்படியே வுட்டா யாரோ மாதிரி ஆவுதுங்க. தாய்மாமன்னு ஒரு வார்த்த சேத்துக்குங்களேன்."

சேர்க்கத் தேவையில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி, 'தாய்மாமன் உறவு மட்டுமே' என்று சின்ன எழுத்தில் எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். மாமா அதன் கீழே ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.