வாசல் சிஸ்டரும் ஜெப மணியும்

வாசல் சிஸ்டர் ஓடிப்போனாளாம். யார் பார்த்தது? இஸ்திரிக்காரி சொன்னால் வேதவாக்கா? ஆள் வைத்திருந்தாள், மடத்துத் தலைவியோடு மல்லுக்கு நின்றாள் என்று வாய்க்கு வந்தபடி அளக்கிறாளே, வெயிலில் மயங்கி விழுந்தபோது அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததே அந்த சிஸ்டரின் கைதான்.

கன்னியர் மடத்தில் சிஸ்டருக்கு வாசல் வேலை. கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் கடவுளே வந்ததாக நினைத்து வரவேற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவளோ சட்டத்துக்கும் ஒரு படி மேலே. சிலிண்டர் போட வந்தவனுக்கும் நாற்காலி, வழி கேட்க வந்தவனுக்கும் நாற்காலி. தெருவே அவளை வாசல் சிஸ்டர் என்றது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஜெப மணி அடித்தால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். ஊசி துணியிலேயே நிற்கும். பாதி நறுக்கிய காய் பலகையிலேயே கிடக்கும். வாசல்காரிக்கு மட்டும் விலக்கு: ஆள் வந்திருந்தால் அவள் ஜெபத்துக்குப் போகாமல் இருக்கலாம். அப்படி உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களின் அழுகையையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு வந்தது அவளுடைய அக்கா. தாயில்லாத வீட்டில் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தவள். பஸ் கூட்டத்தில் கசங்கி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. ரொம்ப நாளா மனசுல..."

மணி அடித்தது.

"ஜெபம் முடிச்சிட்டு வந்துடறேன்க்கா."

"கொஞ்ச நேரம் உக்காரக் கூடாதா?"

"சொந்த அக்கான்னதும் உக்காந்துட்டேன்னு ஆயிடும்க்கா."

"அப்ப நான் வெளியாளா வந்திருக்கணும். போ, போ. உன் சாமி கோச்சுக்கப் போறாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சிஸ்டர் போய்விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. முகம் தெரியாத ஒருத்தி என்றால் உட்கார்ந்திருப்பாள். அக்கா என்பதால் எழுந்துபோனாள். அதைப் பெரிய தியாகமாக நினைத்து, அன்று சங்கீதத்தைத் தொண்டை திறந்து பாடினாள். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும், அடுத்த தடவை சொல்வாள் என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அக்காவுக்கு மூளையில் ரத்தம் உறைந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் இவளைக் கண்டதும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்றுதான் வந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. என்ன சொல்ல வந்தாள் என்று கேட்க வேறு ஆளில்லை. பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை.

சிஸ்டரோ சாகும்வரை இதே மடத்தில் இருப்பேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள். அதை விடுவது லேசா? சோறு இறங்காமல் துரும்பாக இளைத்துப்போனாள்.

"லீவுல போய்ப் பாத்துட்டு வாங்க சிஸ்டர்" என்றார் தலைவி.

"வருவேன்னு சொல்லிட்டுப் போனா, அங்க உக்காந்தும் மணிக்குத்தான் காதைக் குடுத்துக்கிட்டு இருப்பேன் மதர். என்னை ஒரேயடியா விட்டுடுங்க."

போகிற அன்று மடத்து உடுப்பை மடித்து வைத்துவிட்டு, வாசல் சாவியைத் தலைவியிடம் நீட்டினாள். மேலே மணி அடித்தது. அவளுடைய கால் பழக்கதோஷத்தில் கோயில் பக்கம் திரும்பி, நின்றது. தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மணி அடிக்குது மதர்."

"அடிக்கட்டும். வாசல்ல ஆள் இருக்கு. உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே பாட்டு தொடங்கி, ஏறி இறங்கி, முடிந்தது.

"இவ்ளோ நேரம்தான் மதர் எங்கக்கா கேட்டது" என்று எழுந்தாள். கதவைத் தானே திறந்துகொண்டு, பட்டப்பகலில், இஸ்திரிக் கடையைத் தாண்டி நடந்து போனாள்.